ஒரு காற்புள்ளிக்கான மனு

மஞ்சக்குப்பத்தில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் எடுத்து மனு அடித்துத் தரும் கடை.
கிராமர் பேப்பரில் இரண்டு அரியர் வைத்த நான்தான்
இங்கே ஆங்கிலம்.

திங்கட்கிழமை. மனுநாள்.
சோனாங்குப்பத்து அஞ்சலாட்சி
இரண்டு தாள்களை மேசையில் வைத்தார்.
ஒன்று ஐஸ் கம்பெனிச் சுவரிலிருந்து உரித்தது,
பசை காய்ந்து மொடமொடவென்று.
மற்றது மீன்துறையிலிருந்து தபாலில் வந்தது.
"ரெண்டும் ஒண்ணைத்தானே சொல்லுது?
அப்ப எனக்கு மட்டும் ஏன் இல்லங்குறான்?"

மூன்று முறை படித்தேன்.
எழுத்துக்கு எழுத்து அதே வாக்கியம்.
புயலில் உடைந்த படகுகளுக்கு நிவாரணம்.
நடுவே, மார்ச்சுக்குள் பதிந்தவை என்று ஒரு துண்டு.
சுவரில் இருந்த தாளில்
அந்தத் துண்டுக்கு இருபுறமும் கமா.
தபாலில் வந்ததில் இரண்டும் இல்லை.

அவர் படகு பதிவானது ஏப்ரல் ஒன்பது.
அதற்கு முன் போன மூன்று தடவையும்
ஆபீசில் கரண்ட் இல்லை.

எப்படிச் சொல்வது?
தமிழில் 'பதிந்த படகு' என்றால் முடிந்தது.
பதிந்தது முன்னால் போகும், படகு பின்னால் வரும்.
ஆங்கிலத்தில் படகுதான் முதலில்.
அதற்குப் பின்னே 'விச்' என்று ஒரு கயிறு,
கயிற்றின் நுனியில் இழுபட்டு வரும் மிச்சக் கதை.
இரண்டு பக்கமும் கமா இருந்தால்
சும்மா கட்டிய கயிறு, அவிழ்த்துவிடலாம்,
படகு படகாகவே மிதக்கும்.
கமா இல்லையென்றால் அது கயிறில்லை,
அணியத்தில் அடித்த ஆணி.
பதிந்தது மட்டும்தான் படகு.
மற்றதெல்லாம் விறகு.

காற்புள்ளி என்று பள்ளியில் படித்தோம்.
கால் முளைத்த புள்ளியா, கால்வாசிப் புள்ளியா,
நானும் கேட்கவில்லை.

அஞ்சலாட்சி தபால் தாளை
டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்,
விழுந்த இடத்தைத் தேடுவதுபோல.
"வலையில ஒரு கண்ணு அறுந்தா
சின்னக் கண்ணுதானேன்னு வுட்டுடுவானா எவனாவது?"

மனுவை அடிக்கத் தொடங்கினேன்.
'நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்' என்பது முதல் வரி.
படித்துக் காட்டச் சொன்னார். முகம் சுளித்தார்.
"வந்ததும் வராததுமா கைய நீட்டுறதா?
என்ன நடந்துச்சுன்னு மொதல்ல சொல்லு.
கேக்குறத கடைசியில கேட்டுக்கலாம்."

உண்மைதான்.
அங்கே எழுவாய்க்கு அடுத்த இலையிலேயே
வினை வந்து உட்கார்ந்துகொள்ளும்.
நம் வினையோ
எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின்
இலை எடுக்க வருகிறவள்.

'பிகாஸ்' என்று வாக்கியத்தைத் தொடங்காதே,
கல்லூரியில் சிவப்பு மையில் சுழித்திருந்தார்கள்.
தொடங்கினேன்.
பிகாஸ் காற்று அடித்தது,
பிகாஸ் நங்கூரக் கயிறு அறுந்தது,
பிகாஸ் கரண்ட் இல்லை,
பிகாஸ் ஒரே உத்தரவு இரண்டு தாளில் இரண்டு நியாயம் பேசுகிறது,
ஒன்பது வரி கடந்து
'நாங்கள்' வந்தது. அப்புறம்தான் கேட்டது.
கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் கீழே
நெளிநெளியாகப் பச்சைக் கோடு இழுத்தது.
"என்னாது, பாசி புடிச்சாப்புல?"
பிரிண்டில் வராது என்றேன்.

முப்பது ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.
கோப்பை மூடப்போகையில் பார்க்கிறேன்,
ஏழாம் வரியில்
நானே ஒரு கமாவை விட்டிருக்கிறேன்.

பேனாவோடு சாலையைத் தாண்டி ஓடினேன்.
வரிசை மரநிழல் வரை நீண்டிருந்தது.
இவருக்கு முன்னால் இன்னும் ஆறு பேர்.
வைத்து எழுத இடமில்லை.
"திரும்புங்க" என்றேன். திரும்பினார்.
முதுகில் தாளை வைத்து அழுத்தினேன்,
புள்ளி, பிறகு அதன் வால்.

"அவ்ளோதானா?"
"அவ்வளவுதான்."
"கூசுது" என்றார்,
வரிசை ஓர் ஆள் நகர்ந்தது.